பிரதம மந்திரிக்குப் பட்டம் இல்லை!
ஆக்ஸ்போர்டு வாத்தியார்களின் ஓட்டு

இங்கிலாந்தில் ஒரு பிரதம மந்திரி. "இரும்புப் பெண்" என்று அவருக்குப் பெயர். அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். மந்திரிகளே அவரிடம் எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள்.

அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று ஓட்டு எடுத்தார்கள்.

கொடுக்கலாம் என்றவர்கள் 319 பேர்.

கூடாது என்றவர்கள் 738 பேர்!

இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர்கள் யார்? எதிர்க்கட்சிக்காரர்களா? இல்லை. வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள்!

அந்தப் பிரதம மந்திரி, மார்கரெட் தாட்சர். பல்கலைக்கழகம், ஆக்ஸ்போர்டு. இது நடந்தது 1985-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ந் தேதி.

மளிகைக் கடைக்காரர் மகள்

தாட்சர் அம்மையார் சீமான் வீட்டில் பிறந்தவர் அல்ல. அவருடைய தந்தை மளிகைக் கடை வைத்திருந்தவர். பெண் நன்றாகப் படித்தாள். 1943-ல் ஆக்ஸ்போர்டில் சோமர்வில் என்ற பெண்கள் கல்லூரியில் சேர்ந்தாள். ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினாள்.

அந்தப் பெண்தான் 1979-ல் பிரதம மந்திரி ஆனார். இங்கிலாந்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

தன்னிடம் படித்த பெண் நாட்டையே ஆள வந்துவிட்டால் கல்லூரிக்குப் பெருமைதானே? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆக்ஸ்போர்டில் படித்துப் பிரதம மந்திரி ஆனவர்களுக்குக் கவுரவப் பட்டம் கொடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கப்படி பல்கலைக்கழக நிர்வாகக் குழு தாட்சர் பெயரைச் சிபாரிசு செய்தது.

ஆனால் சிபாரிசு செய்வதோடு நிர்வாகக் குழுவின் வேலை முடிந்துவிடும். பட்டம் கொடுக்க ஆசிரியர்கள் சம்மதிக்கவேண்டும்.

வாத்தியார்களின் சட்டசபை

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் செனட் உண்டு, சிண்டிகேட் உண்டு. அவற்றில் ஆசிரியர்களின் சார்பில் சிலர் இருப்பார்கள். ஆக்ஸ்போர்டில் அப்படி அல்ல. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லோருமே ஒரு சபையின் உறுப்பினர்கள். அந்தச் சபைக்கு "காங்கிரிகேஷன்" என்று பெயர். நாம் ஆசிரியர் சபை என்று சொல்லிக்கொள்வோம். கல்லூரித் தலைவர்கள், நூலகத்திலும் அலுவலகத்திலும் மேல் பதவியில் உள்ளவர்கள் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. இன்று அதன் உறுப்பினர்கள் 5 ஆயிரத்துக்கும் மேல்.

பல்கலைக்கழகத்தில் இந்தச் சபைதான் பெரிய அதிகாரம் படைத்தது. புதுச் சட்டம் போடவேண்டுமா? இந்தச் சபை ஒப்பவேண்டும். துணைவேந்தர் நியமனமா? அதற்கும் இதன் சம்மதம் வேண்டும். உறுப்பினர்கள் 20 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு தீர்மானம் கொடுத்தால் போதும், சபையில் விவாதம் நடத்தவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பகல் 2 மணிக்குக் கூடுவது மரபு. கூடும் இடம் ஷெல்டோனியன் மண்டபம். 300 ஆண்டுகளுக்கும் முன்னால் கட்டிய கட்டடம். அங்கே ஓட்டுப் போடும்போது லத்தீன் மொழியில்தான் சொல்வார்கள். "பிளாசெட்" என்றால் சம்மதம். "நோன் பிளாசெட்" என்றால் சம்மதம் இல்லை. ஊரே இங்கிலீஷ் பேசினாலும் வாத்தியார்கள் லத்தீனை விடவில்லை!

நம் டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936-ல் இருந்து 1952 வரை பேராசிரியராக இருந்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

பால் வெட்டு, பண வெட்டு

தாட்சர் மீது ஆசிரியர்களுக்கு என்ன கோபம்?

அவர் முன்பு கல்வி மந்திரியாக இருந்தபோது, 1971-ல், பள்ளிக்கூடத்தில் 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த இலவசப் பாலை நிறுத்தினார். "பாலைப் பறித்தவர்" என்று அப்போதே பெயர் வாங்கினார். பிரதம மந்திரி ஆனதும் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்தைக் குறைத்தார். ஆராய்ச்சிச் செலவுக்குப் பணம் இல்லை. காலியான இடங்களுக்கு ஆள் போட முடியவில்லை.

"சின்னஞ்சிறு குழந்தையின் படிப்பில் இருந்து பெரிய ஆராய்ச்சி வரையில் கல்வியையே கெடுத்தவருக்கு நாமே மாலை போடுவதா?" என்பது ஒரு கட்சி.

சோமர்வில் கல்லூரியின் தலைவி டாப்னி பார்க் தாட்சருக்காக வாதாடினார். (இந்த அம்மாள் முன்பு பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அது தனிக்கதை!) ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மரபை முறிக்கக்கூடாது என்பது அவர் கட்சி. "பிரதம மந்திரியைப் பகைத்தால் பல்கலைக்கழகத்துக்குத்தான் நஷ்டம்" என்று பயந்தவர்களும் இருந்தார்கள்.

ஓட்டு எடுத்தார்கள். முடிவைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

அவர்கள் கொடுக்க விரும்பாவிட்டால், வாங்கிக்கொள்ளத் தாட்சரும் விரும்பமாட்டார் என்று பிரதம மந்திரி அலுவலகம் ரோசமாகப் பதில் சொன்னது. பிற்காலத்தில் தாட்சர் தம்முடைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஒரு கல்லூரிக்குக் கொடுத்தார். ஆக்ஸ்போர்டில் உள்ள கல்லூரிக்கு அல்ல. கேம்பிரிட்ஜில் உள்ள சர்ச்சில் கல்லூரிக்கு!

ஆக்ஸ்போர்டு இப்படி மறுத்தது அது முதல் தடவை அல்ல. பாகிஸ்தான் பிரதம மந்திரி பூட்டோவும் அங்கே படித்தவர்தான். 1971-ல் கிழக்கு வங்காளத்தில் நடந்த படுகொலைகளைச் சுட்டிக்காட்டி, 1975-ல் அவருக்கும் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

துணைவேந்தருக்கும் அதே பதில்

பட்டம் என்பது ஒரு நாள் விழா. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பல்கலைக்கழகம் நடக்கும். ஆனால் 2006-ல் வந்த சண்டை அப்படிப்பட்டது அல்ல. வீட்டுச் சாவி யார் கையில் இருப்பது என்ற சண்டை அது.

அப்போது துணைவேந்தர் ஜான் ஹூட். நியூசிலாந்துக்காரர். ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், வெளியில் இருந்து அழைத்துவந்த முதல் துணைவேந்தர். 2004-ல் பதவிக்கு வந்தார்.

அவர் கணக்கைப் பார்த்தார். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இடம். அதை நிர்வாகம் செய்கிறவர்கள் பெரும்பாலும் வாத்தியார்கள். "பணம், தொழில் இவற்றில் அனுபவம் உள்ள வெளியார் நிர்வாகக் குழுவில் அதிகம் இருக்கவேண்டும்" என்று திட்டம் போட்டார். இங்கிலாந்தில் மற்றப் பல்கலைக்கழகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மட்டுமே விலக்கு. அரசாங்கத்துக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. வேந்தர் கிறிஸ் பேட்டனும் ஆதரித்தார்.

திட்டம் ஆசிரியர் சபைக்கு வந்தது.

"பாடம் நடத்தாதவர் எந்தப் பாடம் வேண்டும் என்று தீர்மானிப்பதா? லாபம் தராத படிப்பை மூடச் சொன்னால் என்ன செய்வது?" என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். பழைய மொழிகளைக் கற்பவர்கள் எத்தனை பேர்? பத்துப் பேர், இருபது பேர். கடைக் கணக்குப் பார்த்தால் அது நஷ்டம்தான். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹூட் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்கிறவரை ஊர் நம்புமா?

நவம்பர் 28-ந் தேதி ஓட்டு எடுத்தார்கள். திட்டத்துக்கு ஆதரவு 456. எதிர்ப்பு 730.

நிர்வாகம் அதோடு விடவில்லை. "கூட்டத்துக்கு வராதவர்களையும் கேட்போம்" என்று எல்லா உறுப்பினர்களுக்கும் தபாலில் ஓட்டுச் சீட்டு அனுப்பியது. டிசம்பரில் எண்ணினார்கள். ஆதரவு 997. எதிர்ப்பு 1,540!

திட்டம் கைவிடப்பட்டது. ஹூட் தமது 5 ஆண்டு முடிந்ததும், 2009-ல், விடைபெற்றுக்கொண்டார்.

பெண்களுக்குப் பூட்டு

இதைப் படித்ததும், "வாத்தியார்கள் கூடினால் நியாயம்தான் ஜெயிக்கும்" என்று எண்ணிவிடவேண்டாம். இதே சபை செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

ஆக்ஸ்போர்டில் பெண்கள் எத்தனை நன்றாகப் பரீட்சை எழுதினாலும் பட்டம் கிடையாது என்று வெகு காலம் வைத்திருந்தார்கள். 1920-ல்தான் பட்டம் கொடுத்தார்கள். ஏழே ஆண்டுகள் ஆயின. "பெண்கள் கூட்டம் பெருத்துவிடும்" என்று ஆண் ஆசிரியர்களுக்குப் பயம் வந்துவிட்டது. 1927-ல் இந்தச் சபையே ஓட்டு எடுத்து, பெண்கள் கல்லூரிகளில் இத்தனை பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு 1950-களில்தான் நீங்கியது.

மளிகைக் கடைக்காரர் மகள் 1943-ல் அங்கே வந்து சேர்ந்தபோதும் அந்தப் பூட்டு இருந்தது. எண்ணி எடுத்த இடங்களில் ஒன்றைத்தான் அவர் பெற்றார்.

இன்றும் குறை இல்லாமல் இல்லை. அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்கு, சமையல்காரருக்கு, காவல்காரருக்கு இந்தச் சபையில் ஓட்டு இல்லை. மாணவர்களுக்கும் இல்லை. உறுப்பினர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கூட்டத்துக்கு வருவது அபூர்வம். விவகாரம் சூடாக இருந்தால்தான் மண்டபம் நிரம்பும்.

சூடு பிறந்த ஒரு நாள், 2018 மார்ச் 6. ஆசிரியர்களின் பென்ஷனைக் குறைக்கும் ஏற்பாட்டை எதிர்த்து இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம் நடந்த சமயம். ஆக்ஸ்போர்டு நிர்வாகம் அதில் எடுத்த நிலையை மாற்றவேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவர வந்தார்கள். ஒரு சிலர் எழுந்து நின்றார்கள். இத்தனை பேர் எழுந்தால் விவாதம் கூடாது என்று விதி. விவாதம் நின்றது. வந்தவர்கள் கலைந்து போகவில்லை. வெளியே கூடித் தாங்களே ஓட்டு எடுத்தார்கள். அந்த ஓட்டுக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை.

மறுநாள் துணைவேந்தர் லூயிஸ் ரிச்சர்ட்சன் அம்மையார் பழைய நிலையை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார்.