லிங்கர் புராணம் – 9: நான்கு பைட்டு முத்திரை

ஆர்க்கைவ் கோப்பிலிருந்து தேவைப்பட்ட உறுப்பை மட்டும் லிங்கர் உருவியெடுக்கும் விதத்தைச் சென்ற வாரம் சொல்லியாயிற்று; மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இணைக்கும் வேளையில் நடைபெறும் சீரமைப்பாகிய எல்.டி.ஓ.வில், ஒரு கோப்பிலுள்ள ஃபங்ஷன் மற்றொரு கோப்புக்குள் எவ்வாறு கரைந்துபோகிறது என்பதை இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். அந்த உத்தேசத்தோடுதான் திங்கட்கிழமை மேஜைக்கு முன் உட்கார்ந்தேன். உதாரணத்துக்கென்று எடுத்த ஓர் ஆப்ஜெக்ட் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்க்கப்போனதுதான் வினையாயிற்று.

கிளாங் கம்பைலரிடம் எல்.டி.ஓ. வேண்டுமென்று சொல்லி ஒரு சி நிரலைக் கொடுத்தால், அது திருப்பித் தரும் கோப்பின் பெயர் வழக்கம்போலப் புள்ளியும் ஓவுமாகவே முடியும். ஆனால் லினக்ஸில் ஆப்ஜெக்ட் கோப்புக்குரிய லட்சணமாகிய இ.எல்.எஃப். அமைப்பு அதில் மருந்துக்கும் இராது, மெஷின் கட்டளை ஒன்றுகூட இராது, எல்.எல்.வி.எம். தன் சொந்த உபயோகத்துக்காக எழுதி வைத்துக்கொள்ளும் பிட்கோடு என்னும் இடைநிலை வடிவமே அதற்குள் குடியிருக்கும். பெயரில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இந்த வேஷத்தைக் கண்டுபிடிக்க லிங்கர் பார்ப்பது முதல் நான்கு பைட்டுகளைத்தான்.

அந்த நான்கும் என்னவென்று கேளுங்கள். முதலிரண்டும் பி, சி என்னும் ஆங்கில எழுத்துகள். அதாவது பிட்கோடின் முதலெழுத்துகள். அடுத்த இரண்டையும், ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளையே இலக்கங்களாகக் கொள்ளும் பதினாறடிமான முறையில் எழுதிப்பார்த்தால், சி, 0, டி, இ என்று வருகிறது. பூஜ்யத்தை ஓ என்று பாவித்துப் படித்தால் 'கோட்' என்ற சொல்லேயாகிவிடுகிறது! இதோடும் நிற்கவில்லை. ஆப்பிள் இயந்திரங்களுக்காகப் பிட்கோடைச் சுற்றி ஓர் உறை போடும் வழக்கமும் உண்டு. அந்த உறையின் முத்திரை 0, பி, 1, 7, சி, 0, டி, இ. முதல் பூஜ்யத்தை ஒதுக்கிவிட்டு, ஒன்றை ஐ ஆகவும் ஏழை டி ஆகவும் கொண்டால் 'பிட்கோட்' என்று முழுப்பெயரே எழுந்து நிற்கிறது. இதில் இன்னொரு விசேஷம்: பெரிய எண்ணின் கடைசிப் பைட்டை முதலில் எழுதுவது அங்கே முறையாதலால், கோப்பில் இந்த முத்திரை பின்புறமாகத் திரும்பியே கிடக்கிறது, கண்ணாடியில் பார்த்தால்தான் புரியும் ஹாஸ்யம்.

இத்தகைய சிலேடைக்கு முன்னோர்களும் உண்டு. ஜாவாவின் கிளாஸ் கோப்புகள் 'கஃபே பேப்' என்று வாசிக்கத்தக்க எட்டு இலக்கங்களோடு தொடங்குகின்றன. பல பிராசஸர்களுக்கான நிரலை ஒரே கோப்பில் அடைக்கும் ஆப்பிளின் கோப்புகளும் அட்சரம் பிசகாமல் அதே எட்டோடு தொடங்குகின்றன. ஒரே முத்திரையை இரண்டு வீட்டார் குத்திக்கொண்டால் கோப்பின் ஜாதகத்தைக் கணிக்கும் நிரல் என்ன செய்யும்? அடுத்து வரும் எண் சிறியதானால் ஆப்பிள், பெரியதானால் ஜாவா என்று ஊகித்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கு இதிலேயே கழிந்தது.

ஜி.சி.சி. இவ்வளவு வெளிப்படையாக வேஷம் போடுவதில்லை. முறையான இ.எல்.எஃப். உறைக்குள்ளேயே, தனிப்பெயர் சூட்டிய பகுதிகளில், தன் இடைநிலை வடிவத்தை ஒளித்து வைக்கிறது. 2014இல் வந்த 4.9ஆம் பதிப்பு முதல் மெஷின் கட்டளைகளைக் கூடவே வைக்கும் வழக்கத்தையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. அதனால் விஷயமறியாத லிங்கர் திறந்து பார்த்தால் வீடு இருக்கும், மனிதர் இருக்கமாட்டார்கள்.

முத்திரையைக் கண்டபின் நடப்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுகிறேன். 2008இல் இயன் லான்ஸ் டெய்லரின் படைப்பாக வெளிவந்த கோல்ட் லிங்கரில் இதற்கென்று ஒரு பிளக்இன் ஏற்பாடு வகுக்கப்பட்டது, ஜி.என்.யூ.வின் பழைய லிங்கரும் பின்னர் அதையே ஏற்றுக்கொண்டது. லிங்கர் ஒவ்வொரு கோப்பையும் பிளக்இன்னிடம் நீட்டி 'இது உம்முடையதா?' என்று கேட்கும். ஆமென்றால் பிளக்இன் அதிலுள்ள பெயர்களை மட்டும் ஒப்பிக்கும். உள்ளே எழுதியிருப்பதில் ஒரு வரியும் விளங்காமலே, அந்தப் பெயர்களைச் சாதாரண ஆப்ஜெக்ட் கோப்புகளின் பெயர்களோடு ஒரே பேரேட்டில் ஏற்றி, எந்தப் பெயருக்கு எவருடைய வரையறை செல்லும் என்பதை லிங்கர் நிர்ணயித்துவிடும். பிறகு அது கொடுப்பது, நிலம் வாங்குமுன் நாம் வாங்கிப் பார்க்கிறோமே, அந்த வில்லங்கச் சான்றுக்குச் சமானமானது: இந்த ஃபங்ஷனை வெளியார் எவரும் கேட்கவில்லை, இடித்துக் கட்டலாம், இதற்கு வெளியே உரிமை கோருவோர் உண்டு, தொடாதீர், இது தோற்றுப்போன பிரதி, எறிந்துவிடலாம். அதை வைத்துக்கொண்டுதான் கம்பைலர் துணிந்து கை வைக்கிறது. முடிவில் உண்மையான மெஷின் கட்டளைகள் கொண்ட புதிய கோப்பை நீட்ட, லிங்கர் விட்ட வேலையைத் தொடர்கிறது. எல்.எல்.டி. லிங்கருக்குப் பிளக்இன்னும் வேண்டாம், எல்.எல்.வி.எம்.மின் நூலகத்தையே தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது.

பேரேடு சரியாக இருக்கவேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நான் பிட்கோடு கோப்புகளைப் பழைய 'ஏஆர்' கருவியால் ஆர்க்கைவாகக் கட்டிவிட்டு, கண்ணெதிரே இருக்கும் ஃபங்ஷனை லிங்கர் இல்லையென்று சாதிப்பதைக் கண்டு அரைநாள் அதனோடு வாதாடியிருக்கிறேன். பிட்கோடைப் படிக்கத் தெரியாத அந்தக் கருவி பெயர் அட்டவணையையே எழுதாமல் விட்டிருந்தது, எல்.எல்.வி.எம்.மின் சொந்த 'ஏஆர்' இரண்டு நிமிஷத்தில் வழக்கைத் தீர்த்தது.

இதனினும் வேடிக்கையானது, சான்று கொடுத்த பிறகு முளைக்கும் பெயர். ஒவ்வொரு பைட்டாக நகலெடுக்கும் ஒரு சாதாரண லூப்பைக் கம்பைலர் சீரமைக்கும்போது, 'இது மெம்காப்பி அல்லவா!' என்று கண்டுகொண்டு, மூலநிரலில் எங்கும் இல்லாத மெம்காப்பி அழைப்பொன்றை அங்கே எழுதிவிடும். அந்த மெம்காப்பியே ஓர் ஆர்க்கைவுக்குள் பிட்கோடாக, எவரும் கேளாததால் எடுக்கப்படாமல் கிடந்தால், பிட்கோடைக் கம்பைல் செய்யும் கட்டம் முடிந்துபோன அந்த நேரத்தில் அதை எழுப்பி என்ன பயன்? ஆகையால் எல்.எல்.டி., கம்பைலர் பின்னால் கேட்கக்கூடிய பெயர்களின் ஜாபிதாவை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் பிட்கோடாக இருப்பவற்றை, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், முதலிலேயே எடுத்து உள்ளே உட்காரவைத்துவிடுகிறது.

ஆசிரியரிடமிருந்து இரண்டாம் முறையாக ஆள் வந்து நிற்கிறார். ஃபங்ஷன் கரையும் கதையும், 2016இல் வந்த தின் எல்.டி.ஓ.வும் அடுத்த வாரம்.