பனி விட்டது... கார் ஏன் முனகுகிறது?

மார்ச் மாதக் கடைசி. கனடாவின் டொராண்டோவில் தெருவோரம் மலைபோலக் குவிந்திருந்த பனி, கறுத்துச் சுருங்கி சாக்கடையில் வழிந்தோடிக்கொண்டிருக்கும். நான்கு மாதமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டர் இரைச்சலில் ஓட்டியவர்கள், முதன்முறையாக ஜன்னலை இறக்குவார்கள். அப்போதுதான் காதில் விழும். 'கடகட...' 'டொக் டொக்...' 'கிரீச்...'

நேற்றுவரை நன்றாக ஓடிய காருக்கு இன்று என்ன வந்தது என்று தோன்றும். உண்மையில் அந்தச் சத்தம் ஜனவரியிலேயே பிறந்திருக்கும். ஹீட்டர் காற்றும் வின்டர் டயரின் இரைச்சலும் அதை மூடி வைத்திருந்தன, அவ்வளவுதான்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ, நகரை ஒட்டிய மார்க்கம் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ரேடியேட்டர் கொதிப்பது தெரியும், ஏ.சி. மக்கர் செய்வது தெரியும். உப்பு காரைத் தின்னும் என்பது அங்கே போன பிறகுதான் தெரியவரும்.

ஏரிக்கு அடியில் இருந்து வரும் எதிரி

ஒன்டாரியோ மாகாணத்தில் காட்ரிச் என்றொரு சிற்றூர். அங்கே ஹூரான் ஏரிக்கு அடியில், சுமார் 550 மீட்டர் ஆழத்தில் பிரமாண்டமான உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1866-ல் எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டவர்களுக்குக் கிடைத்தது உப்பு. இன்று அந்த உப்பில் பெரும்பகுதி சமையலறைக்குப் போவதில்லை, சாலைக்குப் போகிறது. உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. அதனால் சாலையில் ஐஸ் பிடிக்காது. குளிர் மைனஸ் 10-ஐத் தாண்டினால் சாதா உப்பு திணறும். அப்போது கால்சியம் குளோரைடு போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ரகம். காரின் அடிவயிற்றில் ஒட்டினால் காயவே காயாது.

இதில் ஒரு வேடிக்கை. கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். உப்பு அப்பிய காரை, பாவம் என்று வெதுவெதுப்பான கேரேஜில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் துருவுக்குக் கொண்டாட்டம். கழுவாமல் உள்ளே நிறுத்துவதைவிட வெளியே குளிரில் விடுவது மேல்.

உப்போடு குழிகளும் கூட்டணி. தார்ச்சாலை வெடிப்பில் இறங்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கும், சாலையைப் பிளக்கும். பகலில் உருகி, இரவில் உறைந்து, இப்படியே நடந்தால் மார்ச் மாதம் சாலையெங்கும் பள்ளம். உப்பு தின்று பலவீனமான பாகம் அந்தப் பள்ளத்தில் 'தடால்' என்று விழும்போதுதான் சத்தம் தொடங்குகிறது.

எப்படி என்பதைவிட எப்போது

"கார்ல ஒரு மாதிரி சத்தம் வருது" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதிகூடப் புரியாது. தமிழில் கடகட, படபட, கரகர என்று சத்தத்துக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. ஆனால், அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லாமே 'நாய்ஸ்' ஆகிவிடும்! மெக்கானிக்குக் கேட்க வேண்டியதும் சத்தத்தின் குரல் அல்ல, அது வரும் நேரம். வேகம் கூடினால் கூடுகிறதா? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டுமா? பிரேக்கில் கால் வைத்தால் நிற்கிறதா? காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும் வருகிறதா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆளில்லாத பார்க்கிங் இடத்தில், நீளமான சுவரை ஒட்டி ஜன்னலை இறக்கி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம், காரின் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் போனில் பதிவு செய்யலாம். ஓட்டுபவர் போனைத் தொட வேண்டாம்.

பயப்படத் தேவையில்லாத சத்தங்களை முதலில் கழித்துவிடலாம். இரவு ஈரத்தில் நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்குக் 'கரகர' என்று தேய்ந்து போய்விடும். வின்னிபெக் மாதிரி மைனஸ் 30 ஊர்களில், ராத்திரி முழுக்க நின்ற டயரின் அடிப்பகுதி தட்டையாகவே இறுகிவிடும். கிளம்பியதும் சதுரச் சக்கரம் மாட்டியதுபோல 'தட் தட்' என்று அடிக்கும். டயர் சூடானால் சரி. அதேபோல, பனிப்புயலுக்கு மறுநாள் ஹைவேயில் ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கினால், வீல் அலைன்மென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு சக்கரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். ரிம்முக்குள் ஒரு கட்டி ஐஸ் உட்கார்ந்திருக்கும். வெந்நீர் கார் வாஷில் தீர்ந்துவிடும் நோய் அது.

குளிர் நாட்டுக்குப் புதிதாகப் போனவர்களை மிரட்டுவது ஏ.பி.எஸ். சத்தம். ஐஸில் பிரேக்கை அழுத்தியதும் பெடல் காலுக்கடியில் துடிக்கும், 'கடகடகட' என்று எதையோ அரைக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பலர் காலை எடுத்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அந்தக் கருவி வேலை செய்யும் சத்தம் அது. காலை எடுக்காமல் அழுத்தியே இருக்க வேண்டும்.

விமானம் போலொரு 'ங்ங்ங்...'

வசந்த காலத்தில் தப்பாகக் கணிக்கப்பட்டு, வீணாகக் காசு கரையவைக்கும் சத்தம் இது. வேகம் கூடக்கூட எங்கோ தூரத்தில் விமானம் பறப்பதுபோல ஒரு ரீங்காரம். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். உப்புத் தண்ணீர் இறங்கிய வீல் பேரிங், அல்லது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பாடும். செலவு மட்டும் ஒன்றல்ல.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. வளைவான சாலையில் கார் வலப்பக்கம் திரும்பும்போது அதன் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது ரீங்காரம் கூடினால், இடப்பக்க பேரிங் மேல் சந்தேகம். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால், வலப்பக்கம். எப்படித் திரும்பினாலும் மாறாமல் ஒரே சீராக ஒலித்தால் பெரும்பாலும் டயர்தான். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே பின்னால் போகும். குற்றவாளி யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பேரிங்தான் என்று தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. முற்றிய பேரிங் சக்கரத்தையே ஆட்டிவிடும்.

மெதுவாகப் போகும்போது, வேகத்தடையில் ஏறி இறங்கினால் மட்டும் 'டொக்' என்கிறதா? ஸ்டெபிலைசர் பாரின் இரு முனையிலும் இருக்கும் சின்ன லிங்க் லூசாகியிருக்கலாம். பனிக்காலத்துக்குப் பிறகு அடிக்கடி மாற்றப்படும் பாகம் இது. செலவும் சஸ்பென்ஷன் வேலைகளில் குறைச்சல்தான். ஆனால், பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே 'டொக்'தான் வரும். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். எனவே லிங்க்தான் என்று தாமாக முடிவுகட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது சரியல்ல. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்றால் சிவி ஜாயின்ட். குளிரில் வெடித்த ரப்பர் உறை வழியாக கிரீஸ் வெளியேறி, உப்புச் சேறு உள்ளே போயிருக்கும். 'டங்' என்று ஒரே ஒரு பலத்த சத்தம், பிறகு காரின் ஒரு மூலை சற்றுத் தாழ்ந்து நிற்கிறது என்றால் காயில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. துரு அதன் கீழ்ச்சுற்றைத்தான் முதலில் கடிக்கும்.

இடைவிடாத 'கிரீ...ச்' இன்னொரு ரகம். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டில் சிறு கல் மாட்டியிருக்கலாம். நாலைந்து முறை ரிவர்ஸ் எடுத்தால் விழுந்துவிடவும் கூடும். பிரேக் போடும்போதெல்லாம் கிரீச்சிட்டால் கல் அல்ல, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. எலெக்ட்ரிக் கார்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. தேய்க்க ஆளில்லாமல் டிஸ்க்கில் துரு சாவகாசமாக வளரும்.

சைலன்சர் சொல்லும் செய்தி

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட, பால் வாங்க என்று பத்து நிமிட ஓட்டமாகவே குளிர்காலத்தை ஓட்டினால் சைலன்சர் சூடாவதே இல்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கும். உள்ளே தண்ணீர், வெளியே உப்பு. இரண்டு பக்கமும் துரு!

சிக்னலில் நிற்கும்போது தகரம் அதிர்வதுபோல 'ஜிலுஜிலு' என்றால் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது; எரிச்சல் தருமே தவிர ஆபத்து குறைவு. திடீரென்று கார் டிராக்டர்போல உறுமினால் குழாயில் ஓட்டை. இதைச் சத்தத் தொல்லை என்று மட்டும் நினைக்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தைகளோடு போகும் காருக்குள் அது கசிந்தால், முதலில் வருவது தலைவலியும் தூக்கமும்தான். உறுமலோடு தலைவலியும் சேர்ந்தால், ஜன்னலைத் திறந்து, காரை ஓரமாக நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய 'டொக்... டொக்'

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை என்றாலும் பலர் போடுகிறார்கள். வெப்பம் 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் சாதா டயருக்கு மாறுவது வழக்கம். ஆக, வசந்தம் பிறந்ததும் ஊரில் முக்கால்வாசிக் கார்களின் சக்கரங்கள் கழற்றி மாட்டப்படுகின்றன. பலர் வீட்டு வாசலில் தாங்களே செய்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ரிம்மும் ஹப்பும் சேரும் இடத்தில் துருப்பொருக்கு படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் மாட்டினால், நட் இறுகியது போலவே இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்குள் பொருக்கு நசுங்கி உதிரும், நட் தளரும். மெதுவாகத் தொடங்கும் 'டொக்... டொக்...', வேகத்தோடு நெருங்கி வரும், கூடவே லேசான ஆட்டம். டயர் மாற்றிய சில நாட்களுக்குள் இப்படிக் கேட்டால், 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது கூடாது. அங்கேயே ஓரம் கட்டி, நட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 401 ஹைவேயில் கழன்று உருளும் சக்கரம் கழற்றிவிட்ட காரோடு நிற்காது. எதிரே வருபவரின் கண்ணாடியில் போய் விழும். டயர் மாற்றிக் கொடுக்கும் கடைகள், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வந்து நட்டை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று பில்லிலேயே எழுதித் தருவது இதற்காகத்தான். பத்து நிமிட வேலை.

இத்தனை சத்தங்களுக்கு நடுவே, உப்பு செய்யும் மோசமான காரியம் ஒன்று மட்டும் சத்தமே போடாது. பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள் காரின் அடியில் ஓடுகின்றன. அவை துருப்பிடித்து ஒருநாள் திடீரென்று வெடிக்கும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவது, சக்கரத்தின் அருகே ஈரக்கசிவு, பிரேக் எண்ணெய் குறைந்துகொண்டே வருவது, இவைதான் அடையாளம். வேறு ஒரு 'டொக்'குக்காகக் கார் லிஃப்ட்டில் ஏறும்போது, அந்தக் குழாய்களையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊரில் இருக்கும் அம்மா அப்பா வீடியோ காலில் பிள்ளைகளிடம் 'சாப்பிட்டியா'வோடு சேர்த்து இதையும் கேட்டு வைக்கலாம்.

வொர்க்‌ஷாப்பில் என்ன பழுது என்று சொன்னதும் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. ஒன்டாரியோ நுகர்வோர் சட்டப்படி, மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கலாம். கடைசி பில் அதைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. செய்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரவும் கடைக்காரர் முன்வர வேண்டும். பேரிங்கை ஹப்போடு முழுதாகக் கழற்றும் வகைக் கார் என்றால், அதை வாங்கிக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று தடுக்கினால் கொடுத்த காசு சரி. வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு சுற்றினால், சத்தம் இன்னும் காரில்தான் இருக்கிறது.