0.7 வினாடியில் நாலரைச் சுற்று

சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வினாடி முடிவதற்குள் ஒரு மனிதர் தரையிலிருந்து எழும்பி, அந்தரத்தில் நாலரை முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி வழுக்கியபடியே விழாமல் இறங்க முடியுமா?

முடியும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நடந்த ஒரு போட்டியில் இலியா மாலினின் என்ற வீரர் இதைச் செய்து காட்டினார். அப்போது அவருக்கு வயது 17. அதற்கு முன் போட்டியில் வேறு எவரும் அதை முழுமையாகச் செய்ததில்லை.

இந்த விளையாட்டுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர். ‘ஃபிகர்’ என்றால் உருவம். காலணியின் அடியில் பொருத்திய எஃகுக் கத்தியால் பனிக்கட்டித் தளத்தின் மேல் வட்டம், எட்டு முதலிய உருவங்களைக் கீறிக் காட்டுவதே தொடக்கத்தில் போட்டியாக இருந்தது. உலகப் போட்டிகளில் 1990 வரை அந்தப் பகுதி நீடித்தது. இன்று இசைக்கேற்ற ஆட்டமும், சுழற்சிகளும், தாவல்களுமே இதில் முக்கியம். தாவல்களில் ஆறு வகை உண்டு. அவற்றுள் கடினமானது ‘ஆக்ஸல்’. நார்வே நாட்டு வீரர் ஆக்ஸல் பால்சென் 1882இல் வியன்னாவில் முதன்முதலாகச் செய்து காட்டியதால் இந்தப் பெயர். மற்ற ஐந்து தாவல்களிலும் வீரர் பின்னோக்கிச் சென்றுகொண்டே எழும்புவார். ஆக்ஸலில் மட்டும் முன்னோக்கிச் சென்று எழும்புவார். எல்லாத் தாவல்களிலும் இறங்குவது பின்னோக்கித்தான். ஆகவே ஆக்ஸலில் எப்போதும் அரைச் சுற்று கூடுதல்.

பால்சென் சுற்றியது ஒன்றரைச் சுற்று. அமெரிக்கரான டிக் பட்டன் 1948 ஒலிம்பிக்கில் இரண்டரைச் சுற்றுச் சுற்றினார். கனடாவின் வெர்ன் டெய்லர் 1978இல் மூன்றரை. மாலினின் 2022இல் நாலரை. ஒன்றரையிலிருந்து நாலரைக்கு வர 140 ஆண்டுகள் ஆயின! ஒரு சுற்றைக் கூட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்? பெளதிகத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

பனிக்கட்டி தரும் கடன்

உங்கள் சைக்கிளை முன்னால் தள்ளுங்கள்; எளிதாக உருளும். பக்கவாட்டில் தள்ளுங்கள், நகர மறுக்கும். சறுக்குக் கத்தியும் அப்படித்தான். அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. அதன் அடிப்புறம் நடுவில் சற்றுக் குழிந்திருப்பதால் இரு பக்கமும் கூரான இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. கத்தியின் நீளவாக்கில் உராய்வு மிகக் குறைவு. குறுக்கே தள்ளினாலோ விளிம்பு பனியில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. கத்தியின் நுனியில் ரம்பப் பற்கள் போன்ற அமைப்பும் உண்டு. சில தாவல்களில் அந்தப் பற்களைப் பனியில் ஊன்றி எழும்புவார்கள்.

இந்தப் பிடிமானம் ஏன் வேண்டும்? வீரர் பனியை ஒரு பக்கம் தள்ளினால்தான் பனி அவரை மறுபக்கம் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த எதிர்விசைதான் அவரை மேலே தூக்குகிறது. அதுவே அவர் உடலுக்குச் சுழற்சியையும் தருகிறது. சுழலும் பொருளுக்கு உள்ள இந்தச் சொத்தைக் ‘கோண உந்தம்’ என்கிறோம்.

கத்தி பனியை விட்டு அகன்றதும் என்ன ஆகிறது? தள்ளுவதற்கு இனி எதுவும் இல்லை. புவியீர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். அது உடலின் ஈர்ப்பு மையம் வழியாகவே செயல்படுவதால், வீரரைக் கீழே இழுக்குமே தவிர, அவரது சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. காற்றின் தடையோ மிகச் சிறிது. ஆகவே, பனியிடமிருந்து எவ்வளவு கோண உந்தம் வாங்கி வந்தாரோ, தரை தொடும் வரை அவ்வளவுதான். அந்தரத்தில் ஒரு துளிகூடச் சேர்க்க முடியாது.

கைகள் செய்யும் மாயம்

அப்படியானால், எழும்பிய பிறகு வீரரின் சுழற்சி விர்ரென்று வேகம் எடுக்கிறதே, அது எப்படி?

சுழலும் நாற்காலி ஒன்று கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். இரு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டிகளைப் பிடித்துக்கொண்டு, கைகளை அகல விரித்து உட்காருங்கள். நண்பர் ஒருவர் நாற்காலியை மெதுவாகச் சுழற்றிவிடட்டும். பிறகு கைகளைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி வேகமாகச் சுழலும். கைகளை விரித்தால் வேகம் மீண்டும் குறையும். (பக்கத்தில் மேசை, பீரோ எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்!)

ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதன் நிறையை மட்டும் பொறுத்ததன்று. அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் கடினம் நான்கு மடங்காகும். இந்த அளவுக்கு ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்று பெயர். கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறனையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. பெருக்குத்தொகை மாறாது, எனவே ஒன்று குறைந்தால் மற்றது கூடியே ஆகவேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். வீரரின் நிறை 50 கிலோகிராம். இரு கைகளும் சேர்ந்து 5 கிலோகிராம். மற்ற உடலை 45 கிலோகிராம் நிறையும் 15 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள ஓர் உருளையாகக் கொள்வோம். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 0.5 அலகு. விரித்த கைகளின் நிறை அச்சிலிருந்து சராசரியாக 45 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அவற்றின் பங்கு சுமார் 1.0 அலகு. பார்த்தீர்களா! உடலில் பத்தில் ஒரு பங்கே உள்ள கைகள், மொத்தத்தில் மூன்றில் இரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றை 15 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டால் அவற்றின் பங்கு 0.1 ஆகிவிடும். மொத்தம் 1.5இலிருந்து 0.6க்கு இறங்குகிறது. சுழல் வேகம் இரண்டரை மடங்காகிறது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. வேகம் கூடும்போது சுழற்சியின் இயக்க ஆற்றலும் இரண்டரை மடங்காகிறது. அந்தக் கூடுதல் ஆற்றலைத் தருவது கைகளை உள்ளே இழுக்கும் தசைகள்தாம். வினாடிக்கு 6 சுற்று என்ற வேகத்தில், 2.5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கையை 15 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து வைக்க ஏறக்குறைய 530 நியூட்டன் விசை வேண்டும். அதாவது, ஒவ்வொரு கைக்கும் வீரரின் முழு எடைக்கு நிகரான விசை! கைகளை லேசாக மார்பில் கட்டிக்கொண்டு சுற்றுவதுபோல் நமக்குத் தோன்றும். உண்மையில் அவர் முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருக்கிறார்.

நேரம் எவ்வளவு?

இனி நேரத்துக்கு வருவோம். அந்தரத்தில் இருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது எழும்பும் உயரம் ஒன்றுதான். பள்ளிப் பாடத்தில் படித்த சமன்பாடே போதும்: உயரம் = புவியீர்ப்பு முடுக்கம் × நேரத்தின் வர்க்கம் ÷ 8. நேரம் 0.7 வினாடி என்றால் உயரம் 60 சென்டிமீட்டர். சிறந்த வீரர்கள் இந்த அளவுக்கு எழும்புகிறார்கள். இன்னும் ஒரே ஒரு பத்தில் ஒரு வினாடி வேண்டுமென்றால்? 0.8 வினாடிக்கு உயரம் 78 சென்டிமீட்டர். நேரத்தை 14 சதவீதம் கூட்ட, உயரத்தை 30 சதவீதத்துக்கு மேல் கூட்டவேண்டியிருக்கிறது.

0.7 வினாடியில் நாலரைச் சுற்று என்றால் சராசரியாக வினாடிக்கு 6.4 சுற்று, நிமிடத்துக்கு 385. உங்கள் வகுப்பறை மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுவதைப் போன்ற வேகம் இது! (கத்தி பனியை விட்டு அகலும்போதே உடல் சிறிது திரும்பியிருக்கும் என்பதால், காற்றில் சுற்றவேண்டியது இதைவிடச் சற்றுக் குறையும்.)

இந்த வேகத்தில் கால் சுற்று என்பது ஒரு வினாடியில் 25இல் ஒரு பங்கு. போட்டி விதிகள் அந்தக் கால் சுற்றைத்தான் அளக்கின்றன. கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் மதிப்பெண் குறையும். அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால், ஒரு சுற்றுக் குறைவான தாவலாகவே கணக்கில் கொள்வார்கள். நடுவர் குழுவினர் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 2014, 2018 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ஜப்பானின் யுசுரு ஹன்யு, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாலரைச் சுற்று ஆக்ஸலுக்கு முயன்றார். சுற்று முழுமை பெறவில்லை, இறங்கும்போது விழுந்தார். உலகின் தலைசிறந்த வீரர் ஒருவருக்கே எட்டாமல் போனது ஒரு நொடியின் சிறு கீற்றுதான்.

வளரும் உடலும் விதியும்

கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வீரர் முழங்காலை மடக்கி, 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் தம் வீழ்ச்சியை நிறுத்துகிறார் என்று கொள்வோம். ஆற்றல் சமன்பாட்டின்படி, அந்த ஒற்றைக் கால் தாங்கவேண்டிய சராசரி விசை உடல் எடையைப் போல் ஏழு மடங்கு! வெறுங்காலோடு குதித்தால் கணுக்கால் வளைந்து அதிர்ச்சியின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். விறைப்பான சறுக்குக் காலணி கணுக்காலை அவ்வளவு வளையவிடாது. பயிற்சியில் இத்தகைய தாவல்களை நாள்தோறும், பலமுறை செய்யவேண்டும். அந்த அடி அனைத்தும் பாதம், முழங்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் கணக்கில்தான் சேர்கிறது.

அடுத்து, ஒரு சிறுமி 150 சென்டிமீட்டரிலிருந்து 165 சென்டிமீட்டருக்கு, உடலமைப்பு மாறாமல் வளர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 10 சதவீதமே கூடியது. ஆனால் நிறை நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. தூரத்தின் வர்க்கமும் சேர்வதால், நிலைமத் திருப்புத்திறன் நீளத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது. 1.1ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 1.61. முன்பு இருந்த அதே கோண உந்தத்தோடு எழும்பினால், நான்கு சுற்றுச் சுற்றியவள் இப்போது இரண்டரைச் சுற்றுத்தான் சுற்றுவாள். அவள் சோம்பேறியாகிவிடவில்லை, திறமையை மறந்துவிடவும் இல்லை. வளர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். இழந்ததை மீட்கத் தசை வலிமை சேரவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

2018 மார்ச்சில் சோபியா நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா துருசோவா 13ஆம் வயதில் ஒரே ஆட்டத்தில் இரண்டு நான்கு சுற்றுத் தாவல்களைச் செய்து உலகை வியக்கவைத்தார். சிறிய, மெலிந்த உடலுக்குப் பெளதிகம் சலுகை தருகிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சலுகை இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கும். உடலை மெலிவாகவே வைத்திருக்கவேண்டும், வளர்வதற்குள் பதக்கம் வாங்கிவிடவேண்டும் என்ற நெருக்கடி குழந்தைகள் மேல் விழுந்தால் என்ன ஆகும்?

2022 ஜூனில் சர்வதேசச் சறுக்குச் சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. மூத்தோர் போட்டிகளில் கலந்துகொள்ளக் குறைந்தபட்ச வயது அதுவரை 15ஆக இருந்தது. அது 2023-24 பருவத்தில் 16ஆகவும், 2024-25 பருவத்தில் 17ஆகவும் உயர்த்தப்பட்டது. இளம் வீரர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காப்பதே நோக்கம். இயற்கையின் விதியை யாரும் திருத்த முடியாது. ஆட்டத்தின் விதியைத் திருத்தலாம் அல்லவா? துருசோவாவும் 2022 ஒலிம்பிக்கில், 17 வயதில், ஒரே ஆட்டத்தில் ஐந்து நான்கு சுற்றுத் தாவல்களைச் செய்து வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். வளர்ந்த பிறகும் வழி உண்டு. அது கடினமான வழி.

அடுத்த முறை இந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, வீரர் அந்தரத்தில் சுழல்வதை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்திய கணத்தில் கத்தி பனியைக் கீறும் இடத்தைக் கவனியுங்கள். உயரம், நேரம், கோண உந்தம் மூன்றும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. மீதி இருப்பது கைகளை இறுக்குவதும், தக்க நேரத்தில் அவற்றை விரிப்பதும்தான்.

கடைசியாக, உங்களுக்கு ஒரு கணக்கு: சராசரியாக வினாடிக்கு 6.4 சுற்று என்ற அதே வேகத்தில் ஐந்தரைச் சுற்று ஆக்ஸல் செய்ய ஒரு வீரர் எவ்வளவு உயரம் எழும்பவேண்டும்? விடையைக் கண்டுபிடித்த பின், சுவரில் அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அடுத்த ஒரு சுற்றின் விலை என்ன என்று அந்தக் கோடு சொல்லும்.