தலையில் வாங்கிய சத்தியம்

திருப்பூரின் மார்ச் வெயிலில் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கணக்கு நன்றாகப் போடுகிற பெண். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் விறுவிறுவென்று எழுதி முடிப்பாள். சாக்பீஸை வைத்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரின் இடது கையை இழுத்துவிட்டுக்கொள்வாள். இருபது வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கும் எனக்கு அது உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

ஆளில்லாத வகுப்பறையில் உட்கார வைத்துக் கேட்டபோது கையைக் காட்டினாள். அவளே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள். பதறிப்போய், நம் வீடுகளில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அந்தக் கையை எடுத்து என் தலையில் வைத்து, "இனிமே பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினாள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவள் நிறுத்தவில்லை, என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தினாள். போதாக்குறைக்கு, சத்தியத்தை மீறியதால் டீச்சருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டதாம். ஒரு வருஷம் கழித்து அவளே சொன்னாள்.

ஆசிரியர் அறையில் ஒருவர், "எல்லாம் சீன் போடறது" என்றார். சீன் போடுகிறவள் எதற்கு அந்த வெயிலில் வெந்துகொண்டு மறைக்க வேண்டும்?

அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னதும், "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வெச்சுட்டமுங்க டீச்சர்" என்று அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும், "போலீஸ் கேஸ் ஆயிருமுங்களா?" என்றார். இந்தப் பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்குள் கிடக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். இவள் செய்ததோ சாவதற்காகவும் இல்லை.

எனக்கு அதைப் புரியவைத்தவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த உளவியலாளர். மனசுக்குள் அழுத்தம் தாங்க முடியாமல் போகும்போது உடம்பின் வலி அதைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடுகிறது. பிறகு வெட்கம் வருகிறது. அந்த வெட்கமே அடுத்த அழுத்தமாகிறது. ஆனால் இப்படிச் செய்கிற பிள்ளைகளுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால் அலட்சியமும் கூடாது என்றார். "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று அவளிடம் நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காதாம். உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்குமாம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் ஒருமுறையாவது இப்படித் தம்மைக் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் 42 பேர். ஏழு வருகிறது. ஒரு வகுப்புக்கு அப்படியே பொருந்துகிற கணக்கு இல்லை, தெரியும். ஆனாலும் மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் பெயர்களைச் சட்டென்று வாசிக்க முடியவில்லை.

இந்தத் துயரத்துக்கான பெயர்பெற்ற சிகிச்சை முறையொன்றை உருவாக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். பதினேழு வயதில் தாமும் இதே காரணத்தால் மருத்துவமனையில் இருந்ததை 2011இல்தான் அவர் வெளியே சொன்னார். அவருக்கே அத்தனை வருஷம் ஆயிற்று.

எங்கள் அரசு மருத்துவமனை உளவியலாளர் அவளிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டார். அப்பா குடித்துவிட்டு போனில் கத்தும் இரவுகள் என்பது மெல்லத் தெரிந்தது. காயப்படுத்திக்கொள்ளத் தூண்டும் அந்த வேகம் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கியும் விடும். அதுவரை முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொண்டு, சித்தியோடு போனில் பேசித் தாண்டப் பழக்கினார். ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம், "தினமும் கையைச் சோதிக்காதீங்க. காயம் பாத்தா முதல்ல மருந்து போடுங்க, திட்டு வேண்டாம்" என்றார். அம்மாவுக்கு அது சுலபமாக வரவில்லை. எனக்கும்தான்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் இடைவேளையில் வந்து நின்றாள்.

"மிஸ், நேத்து ஒரு தடவை ஆயிருச்சு. ஆறு மாசமா இல்ல. நேத்துதான்."

என் கை தன்னால் அவள் கையைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"மருந்து போட்டியா?" என்றேன்.

"அம்மா போட்டுவிட்டாங்க மிஸ்."