மனைப் பிரிவுக்கு முன் ஒரு பூர்வாங்கத் திட்டம்

சங்கம் நிலம் வாங்கி அங்கத்தினர்களுக்கு மனைகளாகப் பிரித்தளிக்க முற்படுங்கால், முதலில் எழும் கேள்வி, 'எத்தனை மனை தேறும்?' என்பதேயாகும். ஐந்து ஏக்கர் என்றால் 500 சென்ட். தலைக்கு ஐந்து சென்ட் வீதம் நூறு மனை என்று பலர் உடனே விடை கூறிவிடுகின்றனர். இதை நம்பி நூறு பேரிடம் முன்பணம் வசூலித்துவிட்டால், பின்னர் மனை கிட்டாதோர் முகத்தில் எங்ஙனம் விழிப்பது?

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். பாதைகளுக்கு நாலில் ஒரு பங்கு போனால், மீதி 375 சென்ட். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், பாதை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட்டு ஒப்படைத்தல் வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வந்த கட்டட விதிகளின் ஏற்பாடு. ஐந்து ஏக்கர் ஏறக்குறைய 20,200 சதுர மீட்டராதலால் இவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தும். எஞ்சுவது 337 சென்ட். தேறுவது அறுபத்தேழு மனை. முப்பத்து மூன்று குடும்பங்கள் வெளியே நிற்கின்றன!

இவ்வுண்மையைப் பணம் கைமாறுமுன் காட்டுவதே பூர்வாங்கத் திட்டம். இது அங்கீகாரத்துக்கு அனுப்பும் இறுதி வரைபடமன்று. எது எங்கே, எவ்வளவு என்பதைத் தோராயமாகக் குறிக்கும் படமே. 1915ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்து நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதிய பேட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், இடத்தை ஆராய்ந்த பின்னரே திட்டம் வரைய வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆகவே, பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்தபின், படத்தைக் கையில் ஏந்தி நிலத்தை நடந்து பார்த்தல் வேண்டும். மழைக்காலத்திலும் ஒருமுறை பார்ப்பது நலம்.

நெசவாளர் குடியிருப்பில் முதலில் குறிக்கத்தக்கது பாவடி. பாவை நீட்டிக் கஞ்சியிட, வளைவோ கம்பமோ குறுக்கிடாத நேரான நீண்ட இடம் தேவை. மனைகளை வரைந்தபின் மிஞ்சும் மூலையில் இது அமையாது. விதிப்படி ஒப்படைக்கும் திறந்த வெளியைப் பாவடியாக எண்ணுவதும் தவறு. அது சங்கத்தின் கையில் இராது. எனவே மனைகள் இன்னும் சில குறையலாம்; குறையட்டும். பாவடியில்லாத நெசவாளர் தெருவில் பாவு போடுவது எங்கே?

அடுத்தது குழித்தறி. இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டி, மழைக்காலத்தில் நீர் ஊறுகிறதா என்று நோக்குக. ஊறுமிடத்தைப் பூங்காவுக்கு விடலாம். நிலத்தின் குறுக்கே வாய்க்கால் ஓடினால், அதன் போக்கை மாற்றலாகாது. கீழ்மடைப் பயிர்க்காரரும் நம் அங்கத்தினரே.

இங்ஙனம் இரண்டு மாதிரிகள் வரைந்து, ஒவ்வொன்றிலும் தேறும் மனை, பாதைச் செலவு, மனையொன்றின் அடக்க விலை ஆகியவற்றை எழுதி, சங்கக் கட்டடச் சுவரில் ஒரு மாதம் தொங்கவிடுக. மகாசபை ஒன்றைத் தேர்ந்த பின்னரே முன்பண ரசீதுப் புத்தகம் அச்சிடலாம்.