கேலரியா, டர்ஃபா?

ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் பையன்கள் ஃபுட்பால் ஆடலாம், கிரிக்கெட் ஆடலாம். ஹாக்கி மட்டும் ஆட முடியாது. மணலில் பந்து உருளாது. டீ ஆறுவதற்குள் இந்தச் சின்ன விஷயத்திலிருந்தே தொடங்குவோம். ‘தோற்றுக்கொண்டிருக்கிற டீமுக்குப் புது ஸ்டேடியம் எதற்கு? முதலில் டீமைச் சரிபண்ணட்டும்’ என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஸ்டேடியம் என்றதும் நம் மனதில் வருவது கேலரி. ஹாக்கிக்காரர்கள் மனதில் வருவது டர்ஃப், அதாவது செயற்கை இழைகளால் ஆன தரைவிரிப்பு. ஆட்டத்துக்கு முன் அதில் தண்ணீர் தெளிப்பார்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரிதான். காய்ந்து கிடந்தால் பந்து தடுமாறும், விழுகிற பையனின் முட்டியும் உரியும். நனைந்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். புல்லில் பழகிய கைக்கு அந்த வேகம் லேசில் பிடிபடாது.

பிடிபடவில்லை என்பதற்குச் சாட்சி 1976 மான்ட்ரியால். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு வந்தது அங்கேதான். முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா 7ஆம் இடத்துக்கு இறங்கியது. தரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம். 1980இல் மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்ததே என்பீர்கள். வந்தது, பல வலுவான அணிகள் புறக்கணித்த போட்டி அது. ஆக, டர்ஃபைப் பொறுத்தவரை ‘முதலில் டீம், பிறகு மைதானம்’ என்ற பேச்சே செல்லாது. டர்ஃப் இல்லாமல் டீமே உருவாகாது.

கேலரி கதை வேறு. 2007 செப்டம்பரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 7-2 என்று அடித்து ஆசியக் கோப்பையை வாங்கினோம். ஆறே மாதத்தில், சாண்டியாகோ தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே போகவில்லை. அப்புறம் டோக்கியோவில் 41 ஆண்டு கழித்துப் பதக்கம் வந்தது. அந்த அணி பயிற்சி எடுத்தது பெங்களூரில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) வளாகத்தில். அதற்குப் பிறகுதான், 2023 ஜனவரியில், ரூர்கேலாவில் பிரம்மாண்டமான பிர்சா முண்டா ஸ்டேடியம் திறந்தார்கள். அதே மாதம் நடந்த உலகக் கோப்பையில் இந்தியாவுக்குக் கிடைத்தது 9ஆம் இடம்.

அப்படியானால் கேலரி வீணா? இல்லை. டிக்கெட், டிவி, ஸ்பான்சர் எல்லாம் அதை வைத்துத்தான். ஆனால் அதைக் கட்ட ஓரிரு ஆண்டு போதும்; பன்னிரண்டு வயதுப் பையன் இந்திய அணிக்கு வர பத்து ஆண்டாவது ஆகும். 2023 ஆகஸ்டில் எழும்பூரில் மலேசியாவை 4-3 என வென்ற அணியில் அரியலூர் செல்வம் கார்த்தி இருந்தார். அவரை உருவாக்கியது எழும்பூர் கேலரி இல்லை, கோவில்பட்டி விளையாட்டு விடுதி.

2025 ஜூனியர் உலகக் கோப்பைக்காக மதுரையிலும் சர்வதேச ஹாக்கி ஸ்டேடியம் கட்டினார்கள். அங்கே போனால் எத்தனை நாற்காலி என்று நாம் எண்ண வேண்டாம். போட்டி இல்லாத நாளில், விடிகாலையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த டர்ஃபைத் திறந்துவிடுகிறார்களா, பயிற்சியாளர் வருகிறாரா என்று கேட்போம்.