வைஃபை சிக்னல் முழுதாக இருந்தும் வேகம் இல்லையா?

எங்கள் அபார்ட்மெண்ட் மாடி வீட்டுப் பெரியவர் தினமும் இரவு எட்டு மணிக்கு, வெளிநாட்டில் உள்ள மகளுடன் வீடியோ காலில் பேசுவார். சில மாதங்களாகப் படம் அப்படியே நின்றுவிடும். பேச்சு விட்டு விட்டு வரும். லேப்டாப்பில் வைஃபை கோடுகளோ முழுதாகத் தெரிந்தன. ஒருமுறை ரவுட்டரை மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. "இன்னொன்று வாங்கிவிடட்டுமா?" என்றார். "பொறுங்கள் சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியானால் வைஃபை எப்படி இயங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பாக்கெட் மோதல்

நாம் அனுப்பும் டேட்டா சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம். இரண்டு கருவிகள் ஒன்றாகப் பேசினால் இரண்டு பாக்கெட்டுகளுமே கெட்டுப்போகும்.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் அலோஹா என்ற ரேடியோ நெட்வொர்க்கை அமைத்தது. அதில் எந்தக் கருவியும் நினைத்தபோது அனுப்பலாம். பதில் வராவிட்டால் சிறிது காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இந்த முறையில் சேனலின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்பது கணக்கு. மீதி மோதலிலும் காத்திருப்பிலும் வீணாகும்.

கேட்டுவிட்டுப் பேசு

1997இல் வந்த வைஃபை தரம், அனுப்பும் முன் கவனிக்கச் சொல்கிறது. சேனலில் வேறு யாராவது பேசினால் உங்கள் லேப்டாப் காத்திருக்கும். அமைதியானதும் உடனே பேசாது. ஏனென்றால் காத்திருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு கருவியும் குலுக்கல் போல ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும். 802.11ஜி முறையில் இது 0 முதல் 15 வரை. ஒவ்வோர் எண்ணுக்கும் 9 மைக்ரோ வினாடி. சிறிய எண் வந்தவர் முதலில் பேசுவார்.

பாக்கெட் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ரவுட்டர் "வந்தது" என்று பதில் தரும். பதில் வராவிட்டால் மோதல் நடந்ததாக லேப்டாப் முடிவு செய்து, குலுக்கலை 31, 63 என்று விரித்துக்கொண்டே போகும், உச்சம் 1023. அனுப்பும்போது தன் சிக்னலே பலமாக இருப்பதால் மோதலை நேரடியாகக் கேட்க அதற்கு வழியில்லை.

சிக்கல் இங்குதான். பாக்கெட் கெட்டது மோதலாலா, வேறு இரைச்சலாலா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. இரைச்சல் என்றாலும் மோதல் என்றே எண்ணிக் காத்திருக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் சேனலை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். வீட்டில் உள்ள மற்ற கருவிகளும் காத்திருக்க வேண்டியதுதான்.

பெரியவர் வீட்டில் நடந்தது

அவருடைய ரவுட்டர் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில், மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகில் இருந்தது. அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது; வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அதுவேதான். எட்டு மணிக்குத்தான் இரவுச் சாப்பாட்டைச் சூடு செய்வார்கள்!

சேனலும் தவறு. பக்கத்து வீடுகள் 1, 6 ஆகிய சேனல்களில் இருந்தன. நடுவில் 3 காலியாக இருக்கிறதே என்று யாரோ அதை வைத்திருந்தார்கள். சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தாலும் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைக்கும். எனவே 3 என்பது இரு பக்கத்தாரோடும் மோதும். ஒரே சேனலில் இருந்தாலாவது முறை வைத்துப் பேசலாம். அரைகுறையாக உரசும் சேனலில் அது வெறும் இரைச்சல்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ரவுட்டரை மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து தள்ளி, உயரமான திறந்த இடத்தில் வையுங்கள்.
* வைஃபை ஸ்கேனர் புரோகிராம் ஒன்றை இயக்கி, அக்கம்பக்கத்தில் எந்தச் சேனல்கள் உள்ளன என்று பாருங்கள். ரவுட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.
* ரவுட்டரிலும் லேப்டாப்பிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். அடுப்பின் தொல்லை அங்கு இல்லை, சேனல்களும் அதிகம். ஆனால் சுவர்களைத் தாண்டும் சக்தி குறைவு.
* இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு நெட்வொர்க் கேபிளே போதும். காற்றில் ஒரு போட்டியாளர் குறைவார்.

பெரியவரின் ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றி, சேனலை 11 ஆக்கினோம். அன்று இரவு அடுப்பும் ஓடியது. மகளுடன் பேச்சும் தடையில்லாமல் நடந்தது. செலவு ஒன்றும் இல்லை. புது ரவுட்டர் வாங்கும் முன் நீங்களும் இதைச் செய்து பாருங்கள்.